ஸ்பீக்கர் வாங்கும் முன் அறையை அளந்துவிடுங்கள்

நல்ல ஸ்பீக்கர் ஜோடி எது என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அறையின் நீள அகலத்தைத்தான். பிராண்டு, பட்ஜெட் எல்லாம் அப்புறம்.

நம் வீடுகளில் ஒரு அறை பெரும்பாலும் பத்துக்குப் பன்னிரண்டு. சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. 12 அடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸும் (நொடிக்கு 47 அதிர்வுள்ள கனத்த ஒலி), 10 அடி அகலத்தில் 56 ஹெர்ட்ஸும் இரு சுவருக்கும் இடையே சிக்கிப் பெருகும். பேஸ் கிட்டாரின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்த ஒரு சுரம் மட்டும் கும்மென்று வீங்கும். இந்த அறைக்குள் 8 இஞ்ச் வூஃபர் (கனத்த ஒலி தரும் பெரிய கூம்பு) வைத்த, தரையில் நிற்கும் டவர் ஸ்பீக்கரைக் கொண்டுவந்தால் வீக்கம்தான் கூடும். 5 அல்லது 6 இஞ்ச் வூஃபர் உள்ள, ஸ்டாண்டில் வைக்கும் சிறிய புக்‌ஷெல்ஃப் ஜோடியே தாராளம். மிச்சப் பணத்தில் உறுதியான ஸ்டாண்டு வாங்குங்கள். உட்கார்ந்தால் காது இருக்கும் உயரத்தில் ட்வீட்டர், அதாவது கீச்சொலி தரும் சிறு பகுதி, வர வேண்டும்.

அடுத்தது ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவர். வூஃபருக்கும் சுவருக்கும் 2 அடி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 140 ஹெர்ட்ஸ் வாக்கில் நேர் ஒலியோடு மோதி அதை அமுக்கிவிடும், அந்த இடத்தில் ஒலியில் ஒரு பள்ளம் விழும். ஆண் குரலின் கனம் அங்கேதான் இருக்கிறது. பாடகர் சளி பிடித்த மாதிரி மெலிந்து கேட்டால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். நாலைந்து இஞ்ச் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். பின்சுவர் தூரமும் பக்கச்சுவர் தூரமும் ஒன்றாக இருக்கவே கூடாது, இரண்டு பள்ளமும் ஒரே இடத்தில் விழும். சுவரை ஒட்டித்தான் வைக்க முடியும் என்றால் பின்பக்க போர்ட்டை (பெட்டியின் காற்றுத் துளையை) ஸ்பாஞ்சால் அடையுங்கள்.

சோதிக்க மிருதங்கத் தனி ஆவர்த்தனம் போடுங்கள். வேகமான நடையில் தொப்பி அடிகள் தனித்தனியாக விழ வேண்டும். குழைந்து ஒரே உறுமலாக வந்தால், அது அறையின் சத்தம். தரையில் தடித்த ஜமக்காளம், பக்கச்சுவரில் புத்தக அலமாரி வைத்தால் மேல் ஸ்தாயியின் கூச்சல் அடங்கும். உறுமல் இதற்கெல்லாம் அடங்காது. உட்காரும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். நாற்காலி உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை ஒட்டியிருந்தால் முதலில் அதை முன்னே நகர்த்துங்கள்.

வாட்ஸ் கணக்கில் ஏமாற வேண்டாம். ஒலி அளவை 3 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபையரின் சக்தி இரட்டிப்பாக வேண்டும். 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் ஒரு டெசிபல்கூட வித்தியாசம் இல்லை. ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி, அதாவது அதே சக்திக்கு எத்தனை டெசிபல் ஒலி தரும் என்பது, 85ஆ 88ஆ என்று பாருங்கள். அந்த மூன்று டெசிபல் ஆம்ப்ளிஃபையரின் சக்தியை இரட்டிப்பாக்கியதற்குச் சமம், அதுதான் காசு.

பார்த்துவிட்டுக் கேட்டால் காது கண்ணின் பேச்சைக் கேட்கும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஒலி ஆராய்ச்சியாளர் ஃபிளாய்ட் டூல் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்துச் சோதித்தார். கேட்டவர்கள் பெரும்பாலும் விரும்பியது, நேராகவும் பக்கவாட்டிலும் சீரான ஒலி தரும் ஸ்பீக்கர்களை. ஆகவே விளம்பரத்தை விட்டுவிட்டு அளவீட்டு வரைபடத்தைத் தேடுங்கள்.

பழைய ஜோடி என்றால் வூஃபர் ஓரத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். ரப்பர் என்றால் பெரும்பாலும் பயமில்லை. ஃபோம் என்றால், கடலோர ஈரத்தில் மாவாக உதிரும். மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

கேபிளுக்கு எலக்ட்ரிக்கல் கடையின் 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் போதும். சிவப்பு, கறுப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறினால் பேஸ் (கனத்த ஒலி) காணாமல் போகும், குரல் நடுவில் நிற்காது.