கோபத்தை எல்லாம் பார்பெல்லிடம் கொடுத்தால்

தசை வளர்க்க ஆசைப்படும் பெண்ணிடம் "ஆம்பள மாதிரி ஆயிடுவ" என்பவர்களுக்குப் பதில் சொல்லியே பாதி நேரம் போய்விடுகிறது. தசையைப் பெருக்கும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பெண்ணிடம் இருக்கும் அளவு ஆணுடையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பேச்சு போதும். அந்த ஆசை மனசுக்குள் என்ன வேலை பார்க்கிறது என்பதுதான் பேசப்படாமல் கிடக்கிறது.

கோபமோ அவமானமோ பொங்கும்போது எடை தூக்கப் போவது நல்ல வழிதான். வலிமைப் பயிற்சி மனச்சோர்வின் அறிகுறிகளைக் குறைக்கும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அது ஒன்றே வழி என்று ஆகிவிட்டால்தான் வினை. மூன்று செட் ஸ்குவாட் (எடையோடு உட்கார்ந்து எழுவது) ஆறு செட் ஆகும், ஓய்வு நாள் காணாமல் போகும். தசை வளர்வதோ ஓய்வில். தூக்கம் கெடும், தூக்கும் எடை ஏறாது, கண்ணாடியில் மாற்றம் தெரியாது, எரிச்சல் கூடும். அந்த எரிச்சலைத் தணிக்க மறுபடி ஜிம்.

இதோடு "கட்டிங்", அதாவது கொழுப்பைக் கரைக்கச் சாப்பாட்டைக் குறைப்பது, சேர்ந்தால் இன்னும் மோசம். பெண்களிடம் பெரும்பாலும் தசையும் வேண்டும், கொழுப்பும் இருக்கக் கூடாது என்ற இரட்டை எதிர்பார்ப்பு இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 55 கிலோ எடை, 25 சதவீதம் கொழுப்பு என்றால் கொழுப்பில்லாத எடை சுமார் 41 கிலோ. சாப்பிடுவது 1400 கலோரி, பயிற்சியில் செலவு 350. மிச்சம் 1050. அந்த 41 கிலோவுக்குப் பங்கிட்டால் கிலோவுக்கு 26 கலோரிகூட வரவில்லை. 30-க்குக் கீழே போனால் ஆபத்து என்பது பொதுவான எச்சரிக்கைக் கோடு. 45 இருந்தால் நிம்மதி. இப்படிக் குறைந்த கலோரியிலேயே ஓடும் உடலில் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு அடர்த்தி குறையும், மனசும் சீக்கிரம் உடையும். மன அமைதிக்காகத் தொடங்கியதே அமைதியைத் தின்னும். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு ரத்தப்போக்கு மாதாமாதம் வந்துகொண்டிருக்கும் என்பதால் இது வெளியே தெரியாமலே போகலாம்.

செய்யக்கூடியது இது. ஜிம்முக்குள் நுழையும் முன் என்ன உணர்ச்சி, பத்துக்கு எத்தனை என்று போனில் எழுதுங்கள். "டென்ஷன்" என்று பொதுவாக எழுதாமல் பயமா, பொறாமையா, அவமானமா என்று பிரித்து எழுதுங்கள். பிறகு முந்தின நாளே எழுதி வைத்த செட்டுகளை மட்டும் செய்யுங்கள், ஒன்றுகூட அதிகம் வேண்டாம். முடிந்ததும் மறுபடி எண்ணைப் போடுங்கள். முக்கியமான பதிவு ஓய்வு நாளுடையது. அன்றைக்கு எண் ஏறினால், ஜிம் இல்லாத ஒரு வழியை அன்றே முயன்று பார்க்க வேண்டும்: ஒருவரிடம் பேசுவது, அழுவது, கோபத்துக்குக் காரணமானவரிடமே சொல்வது. முதலில் இது சுமையாகத்தான் இருக்கும். ஆனாலும் விடாதீர்கள்.

கண்ணாடியை வைத்து முன்னேற்றத்தை அளக்காதீர்கள். மாதவிடாய்க்கு முன் நீர் சேர்ந்தாலே உருவம் மாறித் தெரியும். தூக்கிய எடையும் ரெப்பும் (எத்தனை முறை தூக்கினீர்கள் என்பது) பொய் சொல்லாது.

காயத்தோடும் தூக்குவது, உணவுக்குப் பயந்து விசேஷங்களைத் தவிர்ப்பது, எவ்வளவு வளர்ந்தாலும் உடம்பு சின்னதாகவே தெரிவது என்றிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இதற்குத் தசை உருவக் கோளாறு என்று பெயர். 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டுக் கையேடு இதை உடல் உருவக் கோளாறின் ஒரு வகையாகச் சேர்த்தது. பெண்களுக்கும் வரும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி, என்ன சாப்பாடு, கடைசி மாதவிடாய் எப்போது என்பதை முதல் சந்திப்பிலேயே நீங்களாகச் சொல்லிவிடுங்கள். "உடற்பயிற்சி செய்கிறேன்" என்று மட்டும் சொன்னால் நல்ல பழக்கம் என்று பாராட்டி அனுப்பிவிடுவார்கள்.