செண்டோலுக்கு 20 நிமிடம்

ஆமாம், நானும் என் தோழியும் பினாங்குக்குப் போகப் போட்டு வைத்த, நீங்கள் எல்லாரும் இங்கே படமாகப் பார்த்துச் சிரிக்கிற அந்தப் பயண அட்டவணை என்னுடையதுதான்.

பெயரை மறைத்துப் போட்ட பெருந்தன்மைக்கு நன்றி. ஆனால் பினாங்குக்குப் போக மஞ்சள், பச்சை, ஊதா என்று கட்டம் கட்டி வண்ணம் பூசுகிறவள் நம் வட்டத்தில் யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. திங்கட்கிழமை காலை அலுவலக லிப்டில் ஒரு தம்பி முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு, "அக்கா, செண்டோலுக்கு 20 நிமிஷம் போதுமா?" என்று கேட்டான். தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட அந்த இனிப்புக்கு அட்டவணையில் நான் ஒதுக்கிய நேரம் அது. ஐந்தாவது மாடி வரும்வரை நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

பேசாமல்தான் இருந்தேன். நேற்று இரவு அந்தப் படத்தின் கீழே, 'இவங்களோட போறதுக்குத் தேசிய சேவை முகாமுக்கே போயிடலாம்' என்று ஒருவர் எழுத, அதற்கு நாற்பது பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். அந்த நாற்பதில் இரண்டு பேர் போன வருஷம் நான் போட்ட அட்டவணையில் கேமரன் மலைக்கு வந்து, வயிறாரச் சாப்பிட்டு, நேரத்துக்கு வீடு திரும்பியவர்கள். அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாகத்தான் இருக்கும். நேரமில்லை என்பவர்கள் சொல்லுங்கள், எந்தப் பத்தியை எப்போது படிக்கலாம் என்று ஓர் அட்டவணை போட்டுத் தருகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். திட்டமே இல்லாமல் ஊர் சுற்றுகிறவர் என்று யாரும் கிடையாது. ஒன்று, அவர் திட்டம் போட்டிருப்பார். இல்லையென்றால் கூட வந்தவர் போட்டிருப்பார். "போற போக்குல பாத்துக்கலாம்" என்கிறவரைக் கவனித்துப் பாருங்கள். காலைப் பசியாறி முடித்து, தே தாரேக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் பக்கம்தான் திரும்புவார். "அப்புறம், அடுத்து எங்க?"

பினாங்கு என்ன சந்திர மண்டலமா, நாலு மணி நேரத்தில் போய்விடலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். போகலாம், அண்ணா. ஏதாவது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை கிளம்பினால் போகலாம். நாங்கள் போவது பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நெடுஞ்சாலையில் போனால் ஈப்போ தாண்டி, மெனோரா சுரங்கத்துக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மலை அழகுதான், மறுக்கவில்லை. அதனால்தான் இடிஎஸ் விரைவு ரயில். கோலாலம்பூரில் கேஎல் சென்ட்ரலில் ஏறினால், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிற பட்டர்வொர்த்துக்கு நாலு மணி நேரம் சொச்சம். ஆனால் விடுமுறைக் கால டிக்கெட், அதிலும் ஞாயிற்றுக்கிழமை மாலை திரும்பி வருகிற டிக்கெட், கேட்டதும் கிடைக்கிற சாமான் இல்லை. அதைப் பிடிக்க நடுராத்திரியில் கைப்பேசிச் செயலியோடு மல்லுக்கட்டியது யார்? போக்கோடு போகிறவரா?

பட்டர்வொர்த்தில் இறங்கினால் நடக்கிற தூரத்தில், தீவுக்குப் போகிற பெரிப் படகுத் துறை. சின்ன வயதில் பார்த்த பெரியில் காரும் லாரியும் ஆளும் கலந்து நிற்போம். 2023 ஆகஸ்டிலிருந்து ஓடுகிற புதுப் பெரியில் ஆட்கள், சைக்கிள், மோட்டார் சைக்கிள் மட்டும்தான். கார் என்றால் பாலத்தின் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். அந்தப் பக்கம் இறங்கினால் ஜார்ஜ்டவுன் கைக்கெட்டும் தூரம். இதையெல்லாம் பார்த்துத்தான் சூலியா தெருப் பக்கம் அறை எடுத்தேன். என் தோழிக்குப் பத்து பெரிங்கி கடற்கரையில் கடலைப் பார்த்த அறை வேண்டுமாம். காலையில் எழுந்ததும் படம் எடுக்கலாமாம். அங்கிருந்து ஒவ்வொரு தடவையும் டவுனுக்கு வந்து போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "அதெல்லாம் நீ பாத்துக்கோ" என்றாள். பார்த்துக்கொண்டேன். பார்த்துக்கொண்டதைத்தான் நீங்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்தீர்கள்.

சரி, செண்டோலுக்கு வருவோம். பினாங்கு ரோட்டை ஒட்டி ஒரு குறுக்குச் சந்து. விடுமுறை நாளில் மூன்று மணி வெயிலில் அங்கே வரிசை எப்படி நிற்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். கிண்ணம் கைக்கு வந்தால் உட்கார இடம் தேடக்கூடாது. சுவரில் சாய்ந்து நின்று, குலா மலாக்கா வெல்லப்பாகு அடியில் தங்கிவிடாமல் கிளறி, மளமளவென்று குடித்துவிட்டு நகர வேண்டும். வரிசைக்குப் பன்னிரண்டு நிமிடம், குடிக்க எட்டு நிமிடம். ஐஸ் கரைவதற்குள் குடித்து முடிக்க வேண்டிய பொருளுக்கு வேறு எவ்வளவு நேரம் ஒதுக்குவார்கள்? ஒன்றரை மணி நேரமா?

'பயணம்னா சுதந்திரம் சகோதரி, ரசிக்கக் கத்துக்கோங்க' என்று ஒரு சகோதரர் அறிவுரை சொல்லியிருக்கிறார். இந்தச் சுதந்திரத்தையும் நான் அனுபவித்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் மலாக்கா. திட்டம் வேண்டாம் என்று எல்லாரும் சொன்னதால் வாயை மூடிக்கொண்டு காரில் ஏறினேன். ஜோங்கர் தெரு இரவுச் சந்தைக்குப் போகிறோம் என்று ஆளாளுக்குப் பட்டியல் வேறு. போய் இறங்கியது செவ்வாய்க்கிழமை. அந்தச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் மட்டும்தான். பாதிக் கடை அடைத்துக் கிடந்த தெருவில் ஐந்து பேர் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு பூனை மட்டும் சுதந்திரமாகத் திரிந்துகொண்டிருந்தது. ஜார்ஜ்டவுனும் மலாக்காவும் 2008-இல் ஜோடியாக யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர்கள். ஒன்றைத்தான் கோட்டைவிட்டோம், இன்னொன்றையாவது ஒழுங்காகப் பார்ப்போம் என்று நினைத்தது என் குற்றம்.

காசு உள்ளவர்களின் கவலை இது என்று ஒருவர். பெரித் துறைக்கு நடந்து போக ஆசைப்படுகிறவளைப் பார்த்துக் காசுள்ளவள் என்று சொன்னதற்கு ரொம்ப நன்றி.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று தனியாக ஒரு கட்டம் போட்டது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதை எடுக்கமாட்டேன்.

இனி எழுதப்போவதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அட்டவணையில் சனிக்கிழமை முதல் வரி, 'காலை 6.00: மலை அடிவாரம்'. அதற்குப் பக்கத்தில் தூங்குகிற பொம்மையை ஒட்டி, 'இது விடுமுறையா, தண்டனையா?' என்று எழுதியிருந்தது. அதைப் பற்றி.

1993 டிசம்பர். எனக்கு ஒன்பது வயது. அப்பா பத்தாங் பெர்ஜுந்தையில் தோட்டத்து எண்ணெய் ஆலையில் வேலை. போனஸ் கைக்கு வந்த அன்றைக்கே, "கிளம்புங்க, பினாங்குக்குப் போவோம்" என்றார். எங்கே தங்குவது என்று அம்மா கேட்டார். "போய்ப் பாத்துக்கலாம்." கோலாலம்பூர் புடுராயாவில் பஸ் ஏறி, இருட்டிய பிறகு பட்டர்வொர்த்தில் இறங்கி, அக்கரைக்குப் போய், கேட்ட விடுதியில் எல்லாம் இடமில்லை என்று சொல்ல, திரும்பவும் பெரி ஏறி வந்து துறையில் ஒரு பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். எலுமிச்சைச் சாதம் கொண்டுவந்த மைலோ டின்னை என் தலைக்கு வைத்தார் அம்மா. அதன் விளிம்பு காதில் குத்தியது இன்னும் ஞாபகம் இருக்கிறது. தம்பிக்கு இரண்டு வயது. ராத்திரியே காய்ச்சல் கண்டுவிட்டது.

அம்மா பினாங்குக்கு ஆசைப்பட்டதே கொடிமலை (பினாங்கு ஹில்) ரயிலுக்காகத்தான். மேலே முருகன் கோவில் இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாங்கள் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்துக்கு மேல். இப்போது 2011-இல் வந்த வண்டி நேரே உச்சிக்குப் போகிறது. அப்போது ஓடியது பழைய ரயில். பாதி மலையில் இறங்கி வேறு வண்டிக்கு மாற வேண்டும், ஒரு தடவைக்குக் கொஞ்சம் பேர்தான் ஏற முடியும். வரிசை ரோடு வரைக்கும் நின்றது. பன்னிரண்டரை வரை நின்றோம். தம்பி அம்மா தோளிலேயே வாந்தி எடுத்தான். அப்பா டிக்கெட் ஜன்னலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "அடுத்த வருஷம் வருவோம்" என்றார். அம்மா வரிசையை விட்டு வெளியே வந்து, மலையைப் பார்த்துக் கையைக் கூப்பி, "கீழேருந்தே கும்பிட்டுட்டேன், போதும்" என்றார்.

அடுத்த வருஷம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் இல்லை. அப்புறம் அம்மாவுக்கு மூட்டு வலி, அப்புறம் சர்க்கரை. 2014-இல் போய்விட்டார்.

அப்பாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அவர் ஆசையாகத்தான் கூட்டிப்போனார். அவருக்கு முன்பதிவு செய்யப் போனும் இல்லை, செயலியும் இல்லை. நமக்கு இருக்கிறதே? கையில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, பெஞ்சில் படுப்பதைச் சாகசம் என்று சொல்கிறவர்களைத்தான் கேட்கிறேன்.

இன்னொரு வரியும் ரொம்ப ஓடியது. '2.00 முதல் 3.00 வரை: ஓய்வு.' ஓய்வெடுக்கக்கூட நேரம் குறித்திருக்கிறாளாம். அந்த ஒரு மணி நேரம் எனக்கு இல்லை. என் தோழிக்கு இடது முழங்காலில் வலி. காலையில் மகா மாரியம்மன் கோவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சுவரோவியங்கள் என்று நடந்தால் மத்தியானம் கால் வீங்கிவிடும். தண்ணீர்மலைக் கோவிலுக்கு 513 படி என்பதால் அதைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை. எனக்கு அங்கே போக ஆசை இல்லாமல் இல்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் படத்தை எடுத்துப் பள்ளித் தோழிகள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில், 'தளபதி உத்தரவு' என்று எழுதிப் போட்டாள். அங்கிருந்து யாரோ எடுத்து இங்கே போட்டார்கள். அந்த யாரோ மேல் எனக்குக் கோபமில்லை. அவரை எனக்குத் தெரியாது.

'ஜாலியா எடுத்துக்கோங்க' என்பவர்களுக்கு: எடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், இருபது வருஷமாக. கல்யாண வீட்டில் எத்தனை பேருக்கு இலை போடுவது, சாவு வீட்டில் காப்பிக்கு எத்தனை பால் டின் வாங்குவது, பத்துமலைக்குப் போன கூட்டத்தில் எந்தப் பிள்ளையைக் காணவில்லை என்று தலையை எண்ணுவது, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுகிறீர்கள். அப்போது யாரும் தளபதி என்று சிரிப்பதில்லை. "அவ இருக்கா, பாத்துக்குவா" என்பீர்கள். அவளும் பார்த்துக்கொள்வாள். வேலை முடிந்த பிறகுதான் அவள் பைத்தியம்.

படத்தைப் போட்டதற்கு என் தோழி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மன்னிப்பெல்லாம் நான் கேட்கவில்லை, நாடகம் வேண்டாம். 'ஏய், படம் வெளியே போயிடுச்சு, கோபமா?' என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே புலனத்தில் அவளிடமிருந்து செய்தி வந்தது. திறக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். அந்த வரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

'வெள்ளிக்கிழமை ரயில் எத்தனை மணிக்கு? பையில என்னென்ன எடுத்துக்கணும்?'

மஞ்சள் கட்டம், முதல் வரி. பைக்குப் பச்சைக் கட்டம்.