எந்த வீட்டிலிருந்து?

(தருமபுரம், பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடை. பாடசாலை விண்ணப்பப் போம் நிரப்பிக் கொடுப்பதும் அங்கேதான். தங்கச்சி கடையில் வேலை செய்பவள், அண்ணை மகனுக்குப் போம் நிரப்ப வந்தவர்.)

தங்கச்சி: வீட்டிலிருந்து பாடசாலைக்கு உள்ள தூரம்?

அண்ணை: எந்த வீட்டிலிருந்து?

தங்கச்சி: உங்கட வீட்டிலிருந்துதான் அண்ணை. என்ர வீட்டை எழுதினால் எனக்கா இடம் தரப்போகிறார்கள்?

அண்ணை: அதில்லை. இப்ப நீர் நிரப்புவது அனுமதிப் போமா, ஹொஸ்டல் போமா?

தங்கச்சி: அனுமதிப் போம். ஆண்டு எட்டுக்கு.

அண்ணை: அப்ப 300 மீற்றர் என்று போடும்.

தங்கச்சி: அண்ணை, நாங்கள் நிற்பது தருமபுரம். பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்தில். இடையில் பரந்தன், ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி எல்லாம் கிடக்கிறது. 300 மீற்றரில் இங்கே சங்கக்கடைகூட வராது.

அண்ணை: அது மாமி வீட்டிலிருந்து. பெடியன் யாழ்ப்பாணத்தில் மாமி வீட்டில் இருக்கிறான்.

தங்கச்சி: பெடியன் வாசலில் உங்கட மோட்டார் சைக்கிளில் இருந்து மிக்சர் சாப்பிடுகிறான்.

அண்ணை: கடதாசியில் மாமி வீட்டில் இருக்கிறான்.

தங்கச்சி: சரி, 300 மீற்றர். மற்றப் போம். ஹொஸ்டல். வீட்டிலிருந்து பாடசாலைக்கு உள்ள தூரம்?

அண்ணை: 60 கிலோமீற்றருக்கு மேல்.

தங்கச்சி: ஒரு பக்கம் திருப்ப இவ்வளவு வளர்ந்துவிட்டதா?

அண்ணை: கிட்ட இருக்கிற பிள்ளைக்கு ஹொஸ்டல் தரமாட்டார்கள் தங்கச்சி.

தங்கச்சி: தூர இருக்கிற பிள்ளைக்கு?

அண்ணை: அனுமதி தரமாட்டார்கள்.

தங்கச்சி: இதை ஆர் உங்களுக்குச் சொன்னது?

அண்ணை: ஊரே சொல்லுது. காணி உறுதி, கறண்ட் பில், வாக்காளர் இடாப்பு எல்லாம் பார்த்து, கிட்ட இருந்தால் புள்ளி போடுவார்களாம். மாமியின் கறண்ட் பில் அஞ்சு வருசத்துக்குக் கட்டாக் கொண்டு வந்திருக்கிறேன். கொப்பி அடியும்.

தங்கச்சி: அண்ணை, அது ஒன்றாம் ஆண்டுக்கு. பால் பல்லு விழாத பிள்ளைகளுக்கு. உங்கட பெடியனுக்கு மீசை அரும்புது. எட்டாம் ஆண்டுக்கு வெற்றிடம் இருந்தால் கூப்பிடுவார்கள், தேர்ச்சி அறிக்கையைப் பார்ப்பார்கள், நேர்முகம் வைப்பார்கள். மாமி எவ்வளவு கறண்ட் எரித்தா என்று பார்க்கமாட்டார்கள்.

அண்ணை: எதுக்கும் இருக்கட்டும். கொப்பி அடியும்.

(அடித்தாள். 60 தாள். மாமி வீட்டில் ஐஸ்பெட்டி வாங்கிய மாதம் எதுவென்று எனக்கே தெரியவந்தது. நான் அடையாள அட்டைக்குக் கொப்பி எடுக்க வந்து, வரிசையில் நின்றவன்.)

தங்கச்சி: யாழ்ப்பாணத்தில் பாதுகாவலர் ஆர்?

அண்ணை: மாமி.

தங்கச்சி: பாதுகாவலரின் வீடும் பிள்ளையின் வீடும் ஒன்றா?

அண்ணை: ஓம். அனுமதிப் போமில்.

தங்கச்சி: அப்ப பிள்ளை ஏற்கனவே பாதுகாவலர் வீட்டில், பள்ளிக்கூடத்துக்கு 300 மீற்றரில் இருக்கிறான். பிறகு எதுக்கு அவனுக்கு ஹொஸ்டல்?

அண்ணை: அதுதான் ஹொஸ்டல் போமில் தருமபுரத்தில் இருக்கிறானே.

தங்கச்சி: இரண்டையும் ஒரே அலுமாரியில்தான் வைப்பார்கள் அண்ணை. அந்தந்த ஊர் விதானையார் கையெழுத்து வேண்டும். எந்த விதானையாரிடம் எடுக்கப் போகிறீர்கள்?

அண்ணை: இரண்டு பேரிடமும்.

தங்கச்சி: பெடியனுக்கு ஒரு விதானையார், அவன்ர நிழலுக்கு ஒரு விதானையார். சரி, விடுகைப் பத்திரம்?

அண்ணை: அது நேற்றே எடுத்தாச்சு.

தங்கச்சி: எடுத்தாச்சா! அங்கே இடம் கிடைக்க முதலே?

அண்ணை: முன்னேற்பாடு.

தங்கச்சி: அப்ப பெடியன் இப்ப எந்தப் பள்ளிக்கூடம்?

அண்ணை: இடையில் நிற்கிறான்.

தங்கச்சி: ஆனையிறவிலா?

அண்ணை: பகிடி விடாதையும்.

தங்கச்சி: நான் விடவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில் பெயர் வெட்டியாச்சு, அந்தப் பள்ளிக்கூடத்தில் பெயர் இல்லை. நடுவில் இருப்பது ஆனையிறவுதானே. உப்பளத்தில் வேலை கேட்கலாம். சரி, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு?

அண்ணை: பாஸ். பனரும் அடித்தோம், சந்தியில் தொங்கினது, நீர் பார்த்திருப்பீர்.

தங்கச்சி: அப்ப ஆறாம் ஆண்டிலேயே அங்கே போயிருக்கலாமே?

அண்ணை: மாவட்டத்துக்குப் பாஸ். அந்தப் பள்ளிக்கூடத்தின்ர வெட்டுப்புள்ளிக்கு 4 புள்ளி குறைஞ்சுபோச்சு.

தங்கச்சி: 200க்கு 4.

அண்ணை: அந்த 4 புள்ளிக்கு மனிசி இன்னும் என்னோடு கதைப்பது குறைவு. முதல் நாள் இரவு பெடியனை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனேனாம்.

தங்கச்சி: இணைப்பாடவிதானம் என்று ஒரு கூடு இருக்கிறது. விளையாட்டு, பேச்சு, தலைமைத்துவம். என்ன எழுத?

அண்ணை: டெங்கு ஒழிப்புச் சிரமதானத்தில் கலந்துகொண்ட சேர்ட்டிபிக்கட் இருக்கு.

தங்கச்சி: வேற?

அண்ணை: வேற ஒன்றும் இல்லை. அவன் ஒன்றுக்கும் உதவாதவன்.

தங்கச்சி: இரவில் வயலுக்குப் போனால் என்ன செய்வான்?

அண்ணை: ரோச் லைற்றோடு போய் வாய்க்காலில் தண்ணீர் மாற்றிவிடுவான். மேல் வயல்காரன் சண்டைக்கு வந்தால் கதைத்துச் சமாளிப்பான். வயல் உழுகிற லான்ட்மாஸ்ரர் ஓடுவான், பழுதென்றால் கழற்றிப் பூட்டுவான். யானை வந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டுமென்று எனக்குச் சொல்வதே அவன்தான். அது படிப்பில்லையே.

தங்கச்சி: அதைத்தான் இந்தக் கூட்டில் எழுதப்போகிறேன்.

அண்ணை: ஐயோ எழுதாதையும்! வயலில் நின்ற பெடியன் என்று நினைப்பார்கள். டெங்கை எழுதும்.

(டெங்கை எழுதினாள். நேர்முகத்துக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேராவது இந்த டெங்கோடுதான் வருவார்கள் என்று நினைக்கிறேன்.)

தங்கச்சி: எதிர்கால இலட்சியம்?

அண்ணை: டொக்டர். நேர்முகத்தில் கேட்டால் டொக்டர் என்று சொல்லப் பழக்கியிருக்கிறேன். விடிய ஒருக்கா, படுக்க முதல் ஒருக்கா.

தங்கச்சி: குளிசை மாதிரி.

அண்ணை: அவன் இடையில மெக்கானிக் என்று சொல்கிறான். அதுதான் ஒரு ரீச்சரை வைத்துத் திருத்துகிறோம்.

தங்கச்சி: அவனுக்குப் போக விருப்பமா?

அண்ணை: அவனை ஏன் கேட்கவேண்டும்? மனிசி மூடி வைத்த வாளி வாங்கி, அவன்ர பெயரைப் பெயின்ற்றால் எழுதிப்போட்டா. நுளம்பு வலையும் வாங்கியாச்சு. இனி விருப்பமில்லை என்று சொல்ல ஏலுமா?

தங்கச்சி: இங்கே உள்ள பள்ளிக்கூடத்துக்கு என்ன குறை அண்ணை?

அண்ணை: கணக்குக்கு ஆள் இல்லை. இருந்த சேர் இடமாற்றம் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணம் போயிட்டார். இப்ப வருகிறவர் யாழ்ப்பாணத்திலிருந்து விடிய பஸ் ஏறி வருகிறார். பஸ் பிந்தினால் முதல் பாடம் இல்லை. பின்னேரம் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும், கடைசிப் பாடம் இல்லை.

தங்கச்சி: அப்ப லீவு முடிந்து திங்கட்கிழமை விடிய உங்கட பெடியன் இங்கேயிருந்து யாழ்ப்பாண பஸ்ஸில் போவான். அந்த நேரம் சேர் அங்கேயிருந்து இந்தப் பக்கம் வருவார்.

அண்ணை: ஓம்.

தங்கச்சி: இரண்டு பஸ்ஸும் ஆனையிறவில் சந்திக்கும்.

அண்ணை: சந்திக்கும்தான்.

தங்கச்சி: இரண்டு பேரையும் அங்கேயே இறக்கி ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்தால், சேருக்கும் தூரம் குறையும், பெடியனுக்கும் தூரம் குறையும்.

அண்ணை: நீர் திரும்பத் திரும்ப ஆனையிறவுக்கே போகிறீர்.

தங்கச்சி: நான் போகவில்லை, நீங்கள்தான் அனுப்புகிறீர்கள். அந்தக் காலக் கல்வி மந்திரி கன்னங்கரா மத்திய கல்லூரிகளை ஊர்ப்பக்கம் கொண்டுவந்து விடுதியும் கட்டினது எதுக்கு? ஊர்ப்பிள்ளை படிக்கப் பட்டணத்துக்கு ஓடத் தேவையில்லை என்றுதானே. இலவசக் கல்வி 1945இல் வந்தது. இத்தனை வருசத்துக்குப் பிறகு, இங்கே நல்லாப் படிக்கிற பத்துப் பிள்ளைகளை வடிகட்டி எடுத்து அங்கே அனுப்புகிறோம். மிச்சப் பிள்ளைகளுக்குக் கணக்கு சேரை பஸ்தான் தீர்மானிக்கிறது. பிறகு இந்த மாவட்டத்தில் றிசல்ட் குறைவாம்.

அண்ணை: கன்னங்கரா கையெழுத்தும் வேண்டுமா தங்கச்சி?

தங்கச்சி: வேண்டாம் அண்ணை. விலாசத்தைச் சொல்லுங்கோ. மாமியின்ர.

(சொன்னார். வீதியின் பெயர், ஒழுங்கை, வாசலில் நிற்கிற வேம்பு வரைக்கும்.)

தங்கச்சி: பொறுங்கோ. இந்த ஒழுங்கை, இந்த இலக்கம், இந்த வேம்பு… இதை நான் போன கிழமையும் எழுதினேனே.

அண்ணை: அது என்ர மச்சான் வந்திருப்பார். அவரின்ர மகனும் மாமி வீட்டில்தான் இருக்கிறான்.

தங்கச்சி: அதுக்கு முதல் கிழமை ஒரு அக்கா, இரட்டைப் பிள்ளைகள்.

அண்ணை: மனிசியின் ஒன்றுவிட்ட தங்கச்சி.

தங்கச்சி: மாமி வீட்டில் எத்தனை அறை?

அண்ணை: இரண்டு. ஒன்றில் நெல்லு.

தங்கச்சி: மாமியிடம் ஒரு போம் அடிக்கச் சொல்லுங்கோ அண்ணை. ஹொஸ்டல் அங்கேயே இருக்கிறது.

அண்ணை: விசர்க் கதை கதையாதையும். எவ்வளவு காசு?

தங்கச்சி: கொப்பிக்கு மட்டும் தாங்கோ. பெடியனின் கையெழுத்து இன்னும் வைக்கவில்லை, கூப்பிடுங்கோ.

அண்ணை: நானே வைக்கிறேன். அவனுக்கு என்ர கையெழுத்துத்தான்.

(வாசலில் மிக்சர் முடிந்திருந்தது. பெடியன் மோட்டார் சைக்கிளின் செயினைப் பிடித்துத் தளர்வு பார்த்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் கறுப்பு.)

அண்ணை: தங்கச்சி, ஒரு விசயம்.

தங்கச்சி: சொல்லுங்கோ.

அண்ணை: அந்தத் தூரம் இருக்கெல்லே, 300 மீற்றர்…

தங்கச்சி: ஓம்?

அண்ணை: அதைப் பென்சிலால் போட்டுவிடும்.