மங்கலாகக் கேட்கும் கேசட்டைத் தூக்கிப் போடாதீர்கள்
ஒலி மங்கிவிட்டால் நாடா செத்துவிட்டது, கணினியில் ஏற்றிப் பயனில்லை என்று, பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றுவது பற்றிய கட்டுரை ஒன்றில் சொல்வதை ஏற்க முடியவில்லை. பல நேரம் குறை, நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியும், படிக்கும் பாகமான ஹெட்டின் சாய்வில்தான். பதிந்த டேப் ரெக்கார்டரின் ஹெட்டும் இப்போது ஓட்டும் பிளேயரின் ஹெட்டும் ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் முதலில் காணாமல் போவது உச்ச ஒலிகள். அப்பா 1987இல் பதிந்த எங்கள் ஆச்சியின் தாலாட்டு, போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. கேசட் ஓடும்போதே ஹெட்டின் பக்கவாட்டுத் திருகை, காந்தமேறாத ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பியதும் ஆச்சி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது! இதைச் செய்யாமல் ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் டிரெபிளை, அதாவது உச்ச ஒலிகளை, ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். நேராக, ஒலியைச் சுருக்கும் எம்பி3 ஆகப் பதியலாமா என்றால்: வேண்டாம், முதலில் சுருக்காத வேவ் கோப்பாக வையுங்கள், சிடி தரத்தில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 600 எம்பிதான் ஆகும்.