இதையெல்லாமா சொல்லித்தர வேண்டும்?

இரண்டு நாளாக அந்த நர்சம்மா வீடியோவை ஆளாளுக்குப் பகிர்ந்து சிரிக்கிறீர்கள். எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். வேப்பமரத்தடியில் நூறு நாள் வேலைப் பெண்களை உட்காரவைத்து, பேதிக்குக் கொடுக்கிற உப்பு சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கரைத்துக் காட்டுகிறார். "இதைச் சொல்லித்தர ஒரு ஆளு, அதுக்குச் சம்பளம் வேற" என்று அதன் மேல் ஒரு நக்கல்.

ஆமாங்க, சொல்லித்தரத்தான் வேண்டும். பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். அதை ஒரே டம்ளரில் கொட்டிக் கொடுத்தால் கெடுதல். கூடவே பிள்ளைகளுக்குத் துத்தநாக மாத்திரை 14 நாள், நடுவில் பேதி நின்றாலும் விடக்கூடாது. சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு இந்த 14 நாள் கணக்கு தெரியும்? கூகுள் பண்ணாமல் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். 1988, அவனுக்கு ஒன்றரை வயது. பேதி. "தண்ணி காட்டுனா இன்னும் போகும்" என்று அப்பத்தா சொல்ல, அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். வறண்ட நாக்கை நீட்டி நீட்டி அவன் கேட்டதை ஏழு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். விடிந்ததும் முதல் பஸ்ஸில் கொண்டுபோகலாம் என்றிருந்தார்கள். பஸ் வந்தபோது அதற்கு வேலை இருக்கவில்லை. உப்பும் சர்க்கரையும் அடுப்படியில்தான் இருந்தன. சொல்லத்தான் ஆளில்லை.

"அப்போ பாட்டி வைத்தியமெல்லாம் தப்பா?" என்று உடனே கிளம்புவீர்கள். அப்பத்தாவைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, அவளுக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீரைக் கொடுக்கச் சொல்லி நர்சம்மாவும்தான் சொல்கிறார். அதுவும் பாட்டி வைத்தியம்தானே, சண்டை எங்கே?

"முதலில் ஆஸ்பத்திரிக்கு டாக்டரைப் போடச் சொல்" என்கிறார் ஒருவர். போடட்டும், யார் வேண்டாமென்றது? ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையை மடியில் வைத்திருப்பது டாக்டரில்லை, அம்மா. 1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா வந்தபோது டாக்டர் திலீப் மகாலானபிஸ் என்ன செய்தார்? சலைன் பாட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. உப்பு சர்க்கரைக் கரைசலைக் கலந்து, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை போன சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. புகட்டியவர்கள் யாரும் எம்.பி.பி.எஸ். இல்லை, சொல்லித்தரப்பட்டவர்கள். திரும்பத் திரும்ப இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. இதே ஆட்கள்தான் 'சர்க்கரை நோயை ஏழே நாளில் விரட்டும் இலை' என்று காலையில் ஃபார்வர்டு அனுப்புகிறார்கள். அதற்குச் சம்பளம் இல்லை பாருங்கள், அதனால் அது சேவை! வெயிலில் ஊர் ஊராக நடந்து, "மாத்திரையை நிறுத்திடாதீங்க பாட்டி" என்று கெஞ்சுகிற பொம்பளை உங்களுக்குக் காமெடி.

அம்மாவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. பேரப்பிள்ளைக்கு லேசாக வயிறு கலங்கினாலும் லிட்டர் பாட்டிலோடு வந்து நிற்பாள். நேற்று என் போனில் அந்த வீடியோவை முழுசாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான சொல்லுது அந்தப் புள்ள, எதுக்கு சாமி சிரிக்கிறாங்க?" என்றாள்.

பதில் வைத்திருப்பவர்கள் கமெண்டில் போடுங்கள். வாசித்துக் காட்டுகிறேன்.