3 டிகிரி கேம்பர் எல்லாக் காருக்கும் அல்ல

"முன்சக்கரத்துக்கு 3 டிகிரி நெகட்டிவ் கேம்பர் வையுங்கள், எந்தக் காரும் ரேஸ் கார் மாதிரி வளைவில் ஒட்டிக்கொண்டு போகும்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு. நெகட்டிவ் கேம்பர் என்றால் சக்கரத்தின் மேல்பகுதி காரின் உள்பக்கமாகச் சாய்ந்திருப்பது. வளைவில் கார் சாயும்போது வெளிப்பக்க டயர் முழுதாகப் பதியத்தான் அந்தச் சாய்வு, டிராக்கில் உதவும். ஆனால் தினமும் நேர் ரோட்டில் ஓட்டினால் உள்விளிம்புதான் அதிக பாரத்தைத் தாங்கும், சடன் பிரேக்கில் பிடிப்பும் குறையும். வெளியே டயர் புதுசு போலவே இருக்கும், ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி உள்பக்கம் பார்த்தால் தேய்ந்து கம்பி தெரியும் நிலையில் இருக்கலாம். அப்புறம், பல சின்னக் கார்களில் முன்பக்கம் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும்தான் மாற்ற முடியும், கேம்பரை மாற்ற முடியாது. உங்கள் காருக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கிறது, வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களைச் சரிசெய்வது) முடிந்ததும் பிரின்ட் அவுட் வாங்கி ஒப்பிடுங்கள். அந்த மெசேஜை தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.