கழற்றிப் பூட்டக்கூடிய சாமானை வாங்கித் தாருங்கள்

நீச்சல் தடாகம் வைத்திருக்கும் ஹோட்டல்காரர்களிடமும் பங்களாக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள். இலை அள்ளும் வலை, பிரஷ், நீட்டிக் குறுக்கும் கம்பு, வேக்கியூம் ஹோஸ் என்று எதை வாங்கப் போனாலும், விலையைக் கேட்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள்: "இது எந்த இடத்தில் உடையும்? உடைந்தால் அந்தத் துண்டு மட்டும் தனியாகக் கிடைக்குமா?" பதில் இல்லையென்றால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தச் சாமான் வேண்டாம்.

இலங்கை மலையகத்தில் ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரைக்கும் பல இடங்களில் தடாகம் பார்க்கும் வேலை செய்கிறவன் நான். எந்த ஹோட்டலுக்குப் போனாலும் பம்ப் ரூமுக்குப் பின்னால் ஒரு குவியல் கிடக்கும். கிழிந்த வலைகள், கழுத்து முறிந்த பிரஷ்கள், இறுக்கம் நிற்காத அலுமினியக் கம்புகள், முனை பிய்ந்த ஹோஸ். அந்தக் குவியலைக் கிளறிப் பார்த்தால் மனசு கொதிக்கும். ஒவ்வொன்றிலும் கெட்டுப்போனது விரல் அளவு இடம்தான். வலைச் சட்டம் நன்றாக இருக்கும், வலை மட்டும் கிழிந்திருக்கும். பிரஷின் நார் தேய்ந்தே இருக்காது, கம்பைச் செருகும் பிளாஸ்டிக் காது முறிந்திருக்கும். கம்பு நேராக இருக்கும், உள்ளே இறுக்குகிற சின்னக் கட்டை தேய்ந்திருக்கும். அந்தத் துண்டுக்காக முழுச் சாமானையும் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

அந்தக் குப்பை எங்கே போகிறது என்பது மலையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம் தேயிலைத் தோட்டங்களுக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கத் தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். அத்தனை வருஷம் குப்பை லொறி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பக்கம் வராததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம். இன்றைக்கும் பல தோட்டங்களில் குப்பையை எரிக்கிறார்கள், இல்லாவிட்டால் பள்ளத்தில் தள்ளுகிறார்கள். பள்ளத்தில் ஓடை ஓடுகிறது. மகாவலியும் களனியும் இந்த மலைகளில்தான் பிறக்கின்றன. கண்டியின் குப்பையைக் கொட்டுகிற கொஹாகொடை மகாவலிக் கரையோரமாகவே இருக்கிறது. மேட்டில் ஹோட்டல், கீழே லயம், அதற்கும் கீழே ஓடை என்ற அமைப்பில் ஹோட்டல் எறிவதை யார் சுமக்கிறார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

வெறும் இரும்பாக இருந்தால் பழைய இரும்பு வாங்குகிறவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். அலுமினியத்துக்கும் விலை உண்டு. பிளாஸ்டிக், நைலோன், ரப்பர், ஸ்பிரிங் எல்லாவற்றையும் உருக்கி ஒன்றாக ஒட்டிய சாமானை யாரும் சீண்டமாட்டார்கள். பிரிக்க முடியாததைத் திருத்தவும் முடியாது, விற்கவும் முடியாது. 2023 ஒக்டோபரில் ஒருமுறை பாவித்து எறிகிற பிளாஸ்டிக் கரண்டி, ஸ்ட்ரோ, தட்டு எல்லாவற்றையும் அரசாங்கம் தடை செய்தது. நல்ல முடிவு. ஆனால் ஒரு சீசன் தாங்காத பிளாஸ்டிக் வலையும் அந்தக் கரண்டியும் கடைசியில் ஒரே பள்ளத்துக்குத்தான் போகின்றன.

இங்கே பிளாஸ்டிக் சீக்கிரம் நொறுங்குவதற்கு உயரமும் ஒரு காரணம். குளிர்தானே, வெயில் என்ன செய்யும் என்று நினைக்கிறோம். உயரம் 1,000 மீற்றர் கூடினால் புற ஊதாக் கதிர் 10 வீதத்துக்குக் குறையாமல் கூடும். நுவரெலியா இருப்பது 1,868 மீற்றரில். வெயிலில் சாய்த்து வைத்த சாமானை அந்தக் கதிர் ஒரு பக்கம் அரிக்கும், குளோரின் இன்னொரு பக்கம் அரிக்கும். கொழும்பில் நன்றாக உழைத்த அதே வலை எங்களிடம் முன்னதாகவே வெளுத்து, தொட்டால் தூளாகிறது.

சரி, சாமான்களுக்கு வருகிறேன். முதலில் வலை, ஏனென்றால் மலையில் அதற்குத்தான் அதிக வேலை. சவுக்கு இலை, டர்பன்டைன் இலை, பைன் ஊசி எல்லாம் ஆடிக் காற்றில் வந்து தடாகத்தில் விழும். நனைந்த இலை கனமானது. பைன் ஊசி வலைக் கண்ணுக்குள் செருகிக்கொண்டு நூலை அறுக்கும். மலிவான வலையில் சட்டமும் வலையும் சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும், கிழிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை. நல்ல வலையில் அலுமினியச் சட்டத்தைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். வலையை அதில் வைத்து ரப்பர் கயிற்றால் அழுத்தியிருப்பார்கள், ஜன்னலுக்கு நுளம்பு வலை அடிப்பது போல. கயிற்றை உருவினால் பழைய வலை கழன்று வரும், புதியதைப் போட்டு மறுபடி அழுத்தலாம். ஆழமான பை வலையாக இருந்தால் தையல்காரரிடம் கொடுத்தாலே போதும். நாங்கள் தோட்டத்தில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு அக்காவிடம் கொடுக்கிறோம். பழைய பையைப் பிரித்து அளவெடுத்து, அடியில் இரட்டைத் தையல் போட்டுத் தருவார். கடையில் வருவதைவிட அது உறுதி.

துணி விஷயத்தில் ஒன்றைக் கவனியுங்கள். நைலோனைக் குளோரின் மெதுவாகத் தின்றுவிடும், பொலியெஸ்டர் அதைத் தாங்கும். நீச்சல் வீரர்கள் பயிற்சிக்குப் பொலியெஸ்டர் உடை தேடுவதும் இதனால்தான். ஆகவே வலையும் பொலியெஸ்டர், தைக்கிற நூலும் பொலியெஸ்டர். பருத்தி நூலில் தைத்தால் வலை இருக்கும், தையல் போய்விடும்.

அடுத்தது கம்பு. இரண்டு குழாய் ஒன்றுக்குள் ஒன்று. திருகி இறுக்குகிற வகையில் உள்குழாயின் நுனியில் நடுவிலிருந்து விலகிய ஒரு பிளாஸ்டிக் உருளை இருக்கும். மணல் துகள் உள்ளே போய் அது தேய்ந்தால் கம்பு வழுக்கும். அந்த உருளையை ஒரு ஸ்க்ரூ பிடித்திருந்தால் கழற்றி வேறு போடலாம், ரிவெட் அடித்திருந்தால் கம்பு முடிந்தது. வெளியில் நெம்பி இறுக்குகிற பூட்டு இன்னும் நல்லது. மணல் சேராது, கழற்றுவதும் சுலபம். கம்பின் முனையில் எதிரெதிராக ஓட்டைகள் இருக்கிறதா என்று பாருங்கள். வலை, பிரஷ், வேக்கியூம் தலை எல்லாம் ஆங்கில எழுத்து 'வி' வடிவ ஸ்பிரிங் கிளிப்பால்தான் அந்த ஓட்டைகளில் பூட்டப்படும். வழக்கமான ஒன்றேகால் அங்குலக் கம்பாக இருந்தால் எந்தக் கம்பனியின் வலையையும் பூட்டலாம். தனக்கென்று ஒரு பூட்டு வைத்திருக்கிற கம்பனியின் சாமானை வாங்கினால், கிளிப் ஒன்று உடைந்தாலும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். குழாயின் தடிப்பையும் பாருங்கள். விரலால் அழுத்தினால் நெளிகிற குழாய் நனைந்த இலையின் பாரத்தைத் தாங்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அலுமினியக் கம்பில் கரண்ட் பாயும். பழைய பங்களாக்களில் தடாகத்துக்கு மேலாக வயர் தாழ்ந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். முழுதாக நீட்டிய கம்பை நிமிர்த்துவதற்கு முன் ஒருமுறை மேலே பாருங்கள், தம்பிமாரே.

ஹோஸைப் பற்றித் தெரியாமலே நிறையப் பேர் எறிந்துவிடுகிறார்கள். சுருள் ஹோஸ் பெரும்பாலும் கிழிவது முனையில், கஃப் என்கிற பூட்டும் வாய் சேர்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான். கஃப்பைத் திருகிக் கழற்றி, கிழிந்த துண்டைக் கத்தியால் நேராக வெட்டி, மறுபடி கஃப்பைத் திருகிப் பூட்டினால் ஹோஸ் புதிது மாதிரி. அரை அடி குறையும், அவ்வளவுதான். பல ஹோஸ்களில் மரை தலைகீழாக இருக்கும், கழலவில்லை என்று முறுக்கி உடைக்காமல் மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். கஃப் பசை போட்டு ஒட்டப்பட்ட ஹோஸை வாங்காதீர்கள். வேக்கியூம் தலையில் சில்லுகளின் அச்சு ஸ்க்ரூ ஆணியாக இருக்க வேண்டும், வேறு சில்லு கிடைக்க வேண்டும். பிரஷ் என்றால் அலுமினிய முதுகு வைத்தது. பாசி பிடித்த சீமெந்துத் தடாகத்துக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் சரி, ஃபைபர் தடாகத்தில் அது கீறிவிடும். சாதாரண இரும்புக் கம்பி பிரஷை எந்தத் தடாகத்திலும் இறக்கக் கூடாது, உதிர்கிற கம்பி துருக்கறையாகத் தங்கிவிடும்.

திருத்துவதற்கு இங்கே ஆள் இல்லை என்று சில மனேஜர்மார் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த மலை எதில் நிற்கிறது? தேயிலைத் தொழிற்சாலையில். பெல்ஃபாஸ்டிலிருந்து வந்த, தேயிலை காய வைக்கிற சிரொக்கோ அடுப்புகளையும் கொழுந்தை உருட்டுகிற பழைய ரோலர்களையும் தலைமுறை தலைமுறையாக ஓட வைத்தவர்கள் எங்கள் தாத்தாமாரும் அப்பாமாரும். கண்டி ஹந்தானைத் தேயிலை நூதனசாலைக்குப் போனால் அந்தக் காலத்து மெஷின்களைப் பார்க்கலாம். எல்லாமே நட்டும் போல்ட்டும். பேரிங் போனால் பேரிங், பட்டி போனால் பட்டி, பல்சக்கரம் போனால் லேத்தில் கடைந்து போடுவது. அந்தக் கைகள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பதுளையிலும் இன்னும் இருக்கின்றன. மோட்டார் வைண்டிங் செய்கிறவர் இருக்கிறார், பேரிங் கடை இருக்கிறது. தடாகத்து பம்ப் மோட்டார் சத்தம் போட்டால் முக்கால்வாசி பேரிங்தான். பேரிங்கின் பக்கத்தில் நம்பர் அடித்திருக்கும், அதைக் காட்டினால் எந்த பேரிங் கடையிலும் எடுத்துத் தருவார்கள். பம்பில் தண்ணீர் ஒழுகினால், அச்சைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கிற மெக்கானிக்கல் சீல்தான் போயிருக்கும். மூடியின் ஓ ரிங் என்கிற ரப்பர் வளையத்துக்கு சிலிக்கன் கிறீஸ் பூசுங்கள். வாஸ்லின் பூசினால் சில வகை ரப்பர் ஊதிப்போய் உட்காராது. இவ்வளவு சின்ன வேலைக்கு முழு பம்பையே மாற்றச் சொல்லுகிற ஆட்களை நம்பாதீர்கள்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறி, இறக்குமதியும் நின்றபோது யாருடைய தடாகம் பச்சையாகாமல் தப்பியது என்று எனக்குத் தெரியும். கழற்றிப் பூட்டக்கூடிய சாமான் வைத்திருந்தவர்களுடையதுதான். இறக்குமதி மறுபடி திறந்ததும் பழையபடி மலிவுச் சாமானுக்குப் போய்விட்டோம். அது எனக்கு வருத்தம்.

இப்போது எல்லோரும் கேட்பது ரோபோ. தானாக ஓடித் தரையைக் கூட்டுகிற மெஷின். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், பெரிய தடாகத்துக்கு அது உதவிதான். வயர் உள்ள வகையில் கரண்ட் பெட்டி, வயர், பட்டி, பிரஷ், ஃபில்டர் கூடை என்று பாகங்கள் தனித்தனியாக வருகிற மாடல்கள் உண்டு. வயர் இல்லாத வகையில் பல மாடல்களில் லிதியம் பற்றரியை உள்ளேயே வைத்து மூடிவிடுகிறார்கள். பற்றரி சில வருஷத்தில் தளரும், அதோடு முழு மெஷினும் போகும். அந்தப் பற்றரியைப் பள்ளத்தில் எறிந்து அது நசுங்கினால் தீப்பிடிக்கும். தேயிலைச் செடிக்கும் லயத்துக்கும் நடுவில் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? கரண்ட் பெட்டியையும் மறக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி இங்கே சாதாரணம், வேலை முடிந்ததும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

பிரான்ஸில் 2021 ஜனவரியில் ஃபோன், லெப்டொப், வொஷிங் மெஷின் போன்றவற்றுக்குத் திருத்தக்கூடிய தன்மைக்கு 10இல் எத்தனை மார்க் என்று ஒட்டித்தான் விற்க வேண்டும் என்று விதி வந்தது. கழற்றுவது சுலபமா, உதிரிப்பாகம் கிடைக்குமா, அதன் விலை என்ன, விளக்கப் புத்தகம் கொடுக்கிறார்களா என்றெல்லாம் பார்த்து அந்த மார்க் போட்டார்கள். 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் திருத்தும் உரிமைக்கு ஒரு சட்டம் வந்தது. நம் நாட்டில் அப்படி ஒன்று வரும்வரை அந்தக் கேள்விகளை நாமே கடையில் கேட்போம். கேட்கிறவர் கூடினால் இறக்குமதி செய்கிறவர்களும் கிளிப்பையும் கஃப்பையும் சில்லையும் தனியாகக் கொண்டுவருவார்கள். விற்காத பாகத்தை யாரும் இறக்கமாட்டார்கள், அதனால் கேட்பது முக்கியம்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. பாவித்த பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள், நிழலில் தொங்கவிடுங்கள். வலையையும் பிரஷையும் தடாகத்துக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள். தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டுகிற பிஎச் அளவு 7.2க்கும் 7.6க்கும் இடையில் இருந்தால் மனிதருக்கும் நல்லது, உலோகத்துக்கும் நல்லது.

கடைசியாக முதலாளிமாரிடம். உங்கள் ஹோட்டலில் சாமான் வாங்குகிறவர் ஒருவர், அதைத் தூக்கி வேலை செய்கிறவர் இன்னொருவர். கொழும்பில் மேசைக்கு முன்னால் இருந்து ஓடர் போடுகிறவருக்கு விலை மட்டும்தான் தெரியும். எந்தக் கம்பு வழுக்குகிறது, எந்த வலை கனக்கிறது, எந்தக் கைப்பிடி தோளை வலிக்க வைக்கிறது என்பது தடாகம் பார்க்கிற பையனுக்குத்தான் தெரியும். அவனிடம் யாரும் கேட்பதில்லை. உடைந்தால் மட்டும் கவனமில்லாமல் பாவித்தாய் என்று ஏசுகிறார்கள், சில இடங்களில் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். இது அநியாயம். அவனுக்கு ஒரு பெட்டி கொடுங்கள்: ஸ்க்ரூ டிரைவர், கொஞ்சம் கிளிப், ஓ ரிங், சிலிக்கன் கிறீஸ், கஃப் இரண்டு, பொலியெஸ்டர் நூல். வலை தைக்கவும் பேரிங் மாற்றவும் மாசத்துக்கு ஒரு சின்னத் தொகை அவன் பொறுப்பில் இருக்கட்டும். அடுத்த முறை ஓடர் போடுவதற்கு முன்னால் அவனையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், கம்பை முழுதாக நீட்டி, இறுக்கி, கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அவன் சரி என்று சொன்ன பிறகு பில்லைப் போடுங்கள்.